ஆறு அங்குலம் மேலே

கறுப்புத் துணியில் சுற்றி வந்த அந்த ரிவால்வரின் விசை வளையத்தில் ஓர் அட்டைச் சீட்டு தொங்கியது. சிவப்பு அரக்கில் போலீஸ் முத்திரை. வெளியே நல்ல மழை. நனைந்த சீட்டில் மை கலங்கி, நம்பர் மட்டும்தான் ஒழுங்காகத் தெரிந்தது.

"வேலை செய்கிறதா என்று பார். ரெண்டு வரி எழுதிக் கொடு, போதும்" என்றார் சேட், இந்தியில்.

மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது எங்கள் துப்பாக்கிக் கடை. முன்னால் விற்பனை, பின்னால் ரிப்பேர். முதலாளி பார்சிக்காரர். எல்லாரும் சேட் என்போம். ரிப்பேர் மேஜை என்னுடையது. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது.

சேட்டுக்கு எதிரே ஸ்டூலில் ஒரு மனிதர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை, முறுக்கிய மீசை. செம்பூர் தாண்டி இருந்த ஒரு கெமிக்கல் கம்பெனியின் செக்யூரிட்டி ஆபீசர், கதம். பக்கத்தில் சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர். கதம் டீயைக் குடித்தாரே தவிர, கண்ணை என் கையை விட்டு எடுக்கவில்லை.

ரிவால்வரைத் திறந்து காலி என்று உறுதி செய்தேன். உருளையைச் சுற்றினேன். விசை, சுத்தியல் எல்லாம் சரி. கடைசியில் பழக்கதோஷத்தில் குழலின் முனையில் கட்டைவிரலை வைத்துத் தடவினேன்.

விரல் நின்றது.

குறி பார்க்கக் குழல் நுனியில் ஒரு சின்னத் தகடு நிற்குமே, அது இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை. யாரோ அரம் போட்டுக் குறைத்திருந்தார்கள்.

நிமிர்ந்தேன். கதம் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த ரிவால்வர் யாருடையது

அது யார் கையில் இருந்த துப்பாக்கி என்று எனக்குத் தெரியும். நாங்கள் குடியிருந்த தாராவியில் அப்போது அதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

சுடலைமுத்து அண்ணாச்சி எங்கள் வரிசையில் நாலாவது வீடு. நாங்குநேரிப் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து அந்தக் கெமிக்கல் கம்பெனியில் துப்பாக்கி வைத்திருக்கும் காவல்காரராக இருந்தார். நான் மேலப்பாளையம். ஊரில் இருந்திருந்தால் அவருக்கும் எனக்கும் பழக்கமே ஏற்பட்டிருக்காது. பம்பாயில் ஒரே தகரக் கூரை வரிசை, ஒரே குழாய். அவர் என்னைப் 'பாய்' என்பார். பம்பாயில் எல்லாருமே எல்லாரையும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அண்ணாச்சி கூப்பிட்டது ஊர் வழக்கத்துப் பாய். அந்த வித்தியாசம் காதுக்குத் தெரியும்.

அதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கம்பெனி லீவு. பின்பக்கச் சுவர் வழியாக நாலைந்து பேர் தாமிரக் குழாய்களைக் கடத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி சத்தம் போட்டார். எல்லாரும் சுவரேறி ஓடினார்கள். ஒருவன் மட்டும் நின்றான். அண்ணாச்சி ஒரு தடவை சுட்டார். குண்டு அவன் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே எலும்பை உடைத்துக்கொண்டு போனது.

அவன் பெயர் செல்வராஜ். அதே கம்பெனியில் சுமை ஏற்றுகிறவன், அதே தாராவி, அடுத்த சந்து. மழைக்கோட்டை மறந்து வைத்துவிட்டுப் போனதாகவும் அதை எடுக்க வந்ததாகவும் ஆஸ்பத்திரியில் சொன்னான். நம்பியவர்களும் உண்டு, சிரித்தவர்களும் உண்டு.

"நான் அவன் செருப்புக்கு முன்னால மண்ணைப் பாத்துத்தான் சுட்டேன். மிரட்டத்தான்" என்று அண்ணாச்சி சொன்னார். இதை யாருமே நம்பவில்லை. இருபது இருபத்தைந்து தப்படி தூரம். பட்டாளத்தில் நல்ல குறிகாரர் என்று பேர் வாங்கியவர். அவர் மண்ணைப் பார்த்தால் மண்ணில்தான் படும்.

நானும் நம்பவில்லை. அதற்கு என்னிடம் தனிக் காரணம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் முந்தி, காலையில் குழாயடியில் அண்ணாச்சி வீட்டுக் குடத்தைச் செல்வராஜ் காலால் நகர்த்திவிட்டான். அண்ணாச்சி வெளியே வந்து கத்தினார். "எந்தக் காலால தட்டினியோ அந்தக் காலை ஒடிச்சுப் போடுவேம்லே!"

பல் தேய்த்துக்கொண்டு நின்ற நான் அதைக் காதால் கேட்டேன். அவனையும் என்னையும் தவிர ஆண்கள் யாரும் அப்போது அங்கே இல்லை; அவன் சொன்னாலும் பகையில் சொல்கிறான் என்பார்கள். பெண்கள் போலீஸிடம் வாய் திறக்க மாட்டார்கள்.

மக்கி

இங்கே கொஞ்சம் தொழில் விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. பயப்பட வேண்டாம், சுருக்கமாகச் சொல்கிறேன்.

குழல் நுனியில் நிற்கும் தகட்டை நாங்கள் 'மக்கி' என்போம். இந்தியில் ஈ என்று அர்த்தம். குழல் மேல் ஈ உட்கார்ந்த மாதிரி இருப்பதால் அந்தப் பேர். ரிவால்வரின் பின்பக்கம் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தின் நடுவே மக்கியை நிறுத்தி, மக்கியின் தலையில் இலக்கை வைத்தால் குறி.

விலை உயர்ந்த சில துப்பாக்கிகளில் திருகைத் திருப்பிக் குறியை மாற்றிக்கொள்ளலாம். காவல்காரர்கள் கையில் இருப்பவை அப்படியல்ல. மக்கி குழலோடு சேர்ந்த இரும்பு. பள்ளம் உடம்போடு சேர்ந்தது. குறி தப்பினால் இரும்பைத்தான் திருத்த வேண்டும். குண்டு கீழே போகிறதென்றால் மக்கியை அரத்தால் குறைக்க வேண்டும். மக்கி குள்ளமானால், அதைப் பள்ளத்துக்குச் சரியாகக் கொண்டுவரச் சுடுகிறவன் குழலை நிமிர்த்துவான், குண்டு மேலே போகும். இடம் வலம் தப்பினால் பள்ளத்தின் ஓரத்தை ஒரு மயிரிழை சுரண்ட வேண்டும், அல்லது குழலையே கொஞ்சம் திருக வேண்டும்.

இதில் உள்ள வில்லங்கம் ஒன்றுதான். அரம் எடுத்த இரும்பைத் திருப்பி வைக்க முடியாது.

பெரும்பாலும் குறை துப்பாக்கியில் இருக்காது. கல்யாணிலிருந்து ஒரு காண்டிராக்டர் வருவார். வருஷத்துக்கு இரண்டு தடவை, "இது இடப்பக்கமாகவே போகிறது" என்று வந்து நிற்பார். விசையை விரலின் நுனியால் இழுக்காமல், கொக்கி போட்ட மாதிரி மடக்கி இழுக்கிறவர் அவர். நான் துப்பாக்கியை வாங்கி, எண்ணெய் போட்டுத் துடைத்து, "ஆச்சு சாகிப்" என்று திருப்பிக் கொடுப்பேன். "இப்போ அருமை!" என்று எழுதி அனுப்புவார். மனிதர்கள் எதை நம்புவார்கள் என்பது அந்த மேஜையில் உட்கார்ந்துதான் எனக்குப் புரிந்தது.

ஆகவே குறைந்திருந்த மக்கியைத் தடவியதும் என் புத்தி நேராக அண்ணாச்சியிடம் போனது. காலில் சுட்டுவிட்டு, போலீஸ் வருவதற்குள் அரத்தை எடுத்து மக்கியைத் தேய்த்திருக்கிறார். 'துப்பாக்கிதான் மேலே சுடுகிறது, நான் இல்லை' என்று காட்டுவதற்காக. பட்டாளத்துக்காரருக்கு இது தெரியாதா?

"மக்கி குறைந்திருக்கிறது" என்றேன்.

கதம் எழுந்து வந்தார். "யாரோ தேய்த்திருக்கிறான் என்கிறாயா?"

"அப்படித்தான் தெரியுது."

"யாரோ என்ன யாரோ. அந்த மத்ராஸிதான்" என்றார். பிறகு நானும் மத்ராஸி என்று ஞாபகம் வந்து பேச்சை நிறுத்திக்கொண்டார். தென்னாட்டு ஆட்களை ஊர் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கியிருந்த காலம் அது. பஸ்ஸில் தமிழ் பேசினால் முன் சீட்டில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார்.

மணல் மூட்டை

இரண்டு நாள் கழித்து சுடுதளத்துக்குப் போனோம். ஊருக்கு வடக்கே, ஒரு குன்றின் அடியில். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. புல்லிலிருந்து ஆவி கிளம்பியது. இன்ஸ்பெக்டர் ஒருவர், கதம், நான்.

ரிவால்வரில் மிச்சமிருந்த தோட்டாக்களையே கொண்டுவந்திருந்தார்கள். இருபது தப்படியில் பலகை. மணல் மூட்டை மேல் கையை வைத்து, மூச்சை அடக்கி, கறுப்புப் புள்ளிக்கு அடியில் மக்கியை நிறுத்திச் சுட்டேன். மூன்று குண்டுகள். மூன்று ஓட்டைகளையும் ஒரு தீப்பெட்டியால் மறைத்துவிடலாம். ஆனால் புள்ளிக்கு ஆறு அங்குலம் மேலே.

இன்ஸ்பெக்டர் தன் காலைப் பார்த்தார். செருப்பிலிருந்து ஆறு அங்குலம் எங்கே வருமென்று கணக்குப் போட்டிருப்பார். நானும் போட்டேன்.

"அப்படியானால் அவன் சொல்வது உண்மையாக இருக்கலாம்" என்றார்.

"சுட்ட பிறகு தேய்த்திருந்தால்?" என்றார் கதம். "சுட்ட நேரத்துக்கும் நான் வந்து துப்பாக்கியை வாங்கிய நேரத்துக்கும் நடுவே அரை மணி நேரம் இருக்கிறது. கேட் பக்கத்திலேயே ஒர்க்ஷாப். அரத்துக்கா பஞ்சம்?"

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "முன்னால் தேய்த்ததா, பின்னால் தேய்த்ததா? சொல்ல முடியுமா?"

"லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன் சாப்."

"நாளை மறுநாள் எழுதிக் கொண்டு வா. பின்னால் தேய்த்தது என்றால் அவன் கதை முடிந்தது. கொலை முயற்சி, சாட்சியத்தை அழித்தது, ரெண்டும் சேரும்."

திரும்பும்போது ஜீப்பில் கதம் எனக்கு ஒரு சிகரெட் நீட்டினார். நான் குடிப்பதில்லை. அதுவரை அவர் என்னிடம் மரியாதையாக நாலு வார்த்தை பேசியது கிடையாது. அந்தச் சிகரெட் என் மனதில் முள்ளாகக் குத்தியது.

கத்திரிக்காய் நிறம்

ரிவால்வரோடு வந்த போலீஸ்காரர் வாசலில் காத்திருக்க, கடையில் ஜன்னலோரம் லென்ஸை வைத்து மக்கியைப் பார்த்தேன்.

புதிதாகத் தேய்த்த இடம் பளபளவென்று வெள்ளையாக இருக்க வேண்டும். அவசரத்தில் அரை மணி நேரத்தில் தேய்த்தவன் அதிகம் போனால் பூட்ஸ் பாலிஷ் தடவியிருப்பான். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தேன். நிறம் போகவில்லை. இரும்பிலேயே ஏற்றிய கறுப்பு. மருந்து போட்டுப் பதமாகச் செய்தது. அதுவும் முழுக் கறுப்பு இல்லை, லேசாகக் கத்திரிக்காய் நிறம் ஓடியது.

எங்கள் கடை மருந்துதான் சில இரும்புகளில் அந்த நிறம் கொடுக்கும்.

அடுத்து அரத்தின் தடத்தைப் பார்த்தேன். கோடு கோடாக ஒழுங்கான தடம். நடுவில் ஒரே ஒரு மெல்லிய மேடு. என்னுடைய சின்னத் தட்டை அரத்தில் ஓரிடத்தில் பல் உடைந்திருந்தது. அது எங்கே தேய்த்தாலும் அந்த மேட்டை விட்டுவிட்டுப் போகும். வேறு யாரும் அந்த அரத்தைத் தொட மாட்டார்கள், தொட நான் விடமாட்டேன்.



வேலைச் சீட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். ஒன்றரை வருஷத்துக்கு முந்திய சீட்டின் கார்பன் நகல். கம்பெனி பேர், ரிவால்வர் நம்பர், 'கீழே சுடுகிறது என்று புகார், மக்கி குறைக்கப்பட்டது.' என் கையெழுத்து. கொண்டுவந்தவர் என்ற இடத்தில் கதமின் கையெழுத்து.

பிறகு எல்லாம் ஞாபகம் வந்தது. சீனச் சண்டைக்குப் பிறகு வெளிநாட்டுத் தோட்டா கிடைப்பது கஷ்டமாகியிருந்தது. கிடைத்ததை வாங்கிப் போட்டார்கள். கதம் வந்து, "ரொம்பக் கீழே போகிறது" என்றார். என்ன தோட்டா என்று நான் கேட்கவில்லை. எங்கள் கடைக் கொல்லையில் இருந்தது நாலு தப்படி நீளத்து மணல் தொட்டி. வெடிக்கிறதா என்று பார்க்கலாம், குறி பார்க்க முடியாது. சுடுதளத்துக்குப் போக ஒரு நாள் ஆகும். அனுமதி, ஜீப், ஆள். "அவர்தான் சொல்கிறாரே, தேய்த்துக் கொடு" என்றார் சேட். தேய்த்துக் கொடுத்தேன்.

குண்டின் எடை குறைவாக இருந்தால் அது குழலை விட்டுச் சீக்கிரம் வெளியேறும், கீழே படும். எடை கூடினால் குழலுக்குள் ஒரு கணம் கூடத் தங்கும். அதற்குள் துப்பாக்கி உதைத்துக் குழல் மேலே எழும்பிவிடும், குண்டு மேலே படும். அன்று கதம் போட்டிருந்தது லேசான குண்டாக இருந்திருக்கும். சுடுதளத்தில் நான் சுட்டது கனமான குண்டு. துப்பாக்கி செய்த கம்பெனி கனமான குண்டுக்குத்தான் மக்கியை அளந்து வைத்திருந்தது. அந்தத் துப்பாக்கியில் குறையே கிடையாது. நான்தான் அதைக் கெடுத்தேன்.

இடையில் தோட்டா மாறியதை அண்ணாச்சியிடம் யாரும் சொல்லவில்லை. தோட்டா வீணாகும் என்று பழகுவதற்கு ஒன்றுகூட அவருக்குக் கொடுக்கவில்லை.

கதமுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஸ்டூலில் உட்கார்ந்து என் கையைப் பார்த்தார். நான் கண்டுபிடிக்கிறேனா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சேட்? நான் சீட்டைக் காட்டியதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"மீரான், கடை லைசென்ஸ் இருக்கு. ஆறு குடும்பம் இதை நம்பி இருக்கு. உன்னுடையதையும் சேர்த்துத்தான்."

"அந்த ஆள் ஜெயிலுக்குப் போவார் சேட்."

"தெரியவில்லை என்று எழுது. முன்னாலா பின்னாலா, சொல்ல முடியவில்லை. அது பொய் இல்லையே. ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதானே."

மறுநாள் காலை வந்து பார்த்தேன். புத்தகத்தில் அந்தச் சீட்டு இல்லை. தையலோரம் வரை சுத்தமாகக் கிழித்திருந்தது. சேட் கிழித்தாரா, முதல் நாள் மாலை கடைக்கு வந்துபோன கதம் கிழித்தாரா? இன்று வரை எனக்குத் தெரியாது. இருவருமே அன்று என்னிடம் ரொம்பப் பிரியமாகப் பேசினார்கள்.

பாத்திமா கேட்டது

வீட்டில் என் மனைவி பாத்திமாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்காமலே கேட்டாள்.

"நீங்க போய்ச் சொன்னா வேலை இருக்குமா?"

"இருக்காது."

"சொல்லலேன்னா?"

"அண்ணாச்சி உள்ளே போயிருவாரு."

தோல் கிடங்குப் பக்கத்திலிருந்து காற்று வந்தது. அந்த வாடை எங்களுக்குப் பழகிப்போன ஒன்று.

"சரி, போய்ச் சொல்லுங்க" என்றாள். நான் எழுந்தேன். "நில்லுங்க. குழாயடியில அவிய காலை ஒடிப்பேன்னு கத்தினாவள்லா, அதையும் சொல்லுவியளா?"

மறுபடியும் உட்கார்ந்தேன்.

"அதை மறைச்சிட்டு இதை மட்டும் சொன்னா, ஊர்க்காரனைக் காப்பாத்தப் போனதா ஆயிரும். ஆஸ்பத்திரியில கெடக்கானே, அவனுக்கும் ஒரு அம்மா இருக்காள்லா. தெனமும் குழாயடியில அவ மூஞ்சியில நான்தான் முழிக்கேன்."

இதை நான் யோசித்தே இருக்கவில்லை. எனக்கு என்னுடைய அரம் மட்டும்தான் கண்ணில் நின்றது.

இன்ஸ்பெக்டர் மேஜையில்

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மேஜையில் ரிவால்வர் இருந்தது. நான் பையிலிருந்து அரத்தையும் ஒரு பழைய இரும்புத் துண்டையும் எடுத்து வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கிழிந்த சீட்டைப் பற்றியும் சொன்னேன்.

"சீட்டு இல்லை. நீ சொல்வதை எப்படி நம்புவது? அவன் உன் தெருக்காரன். உன் பாஷை பேசுகிறவன்."

"நம்ப வேண்டாம் சாப். பாருங்க."

இரும்புத் துண்டை மேஜை விளிம்பில் அழுத்திப் பிடித்து, அவர் கண் முன்னால் பத்து இழுப்பு இழுத்தேன். தூளை ஊதிவிட்டு லென்ஸைக் கொடுத்தேன். அவர் துண்டைப் பார்த்தார், மக்கியைப் பார்த்தார், மறுபடியும் துண்டைப் பார்த்தார். அதே மெல்லிய மேடு. கத்திரிக்காய் நிறம் அரை மணி நேரத்தில் வராது, ஒரு நாள் வேலை என்பதையும் விளக்கினேன்.

"உன் கழுத்தில் நீயே கயிறு மாட்டிக்கொள்கிறாய்" என்றார்.

"இன்னும் ஒன்று இருக்கு சாப்" என்று குழாயடி விஷயத்தையும் சொன்னேன்.

அவர் லென்ஸைக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது. "நீ யார் பக்கம்?"

"கேட்டதைச் சொன்னேன்" என்றேன்.

கதமைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "ஒன்றரை வருஷம் ஆச்சு, மறந்துபோனேன்" என்றார். அந்த ஒரு வரியில் நின்றுகொண்டார். அவரை யாரும் ஒன்றும் செய்யவில்லை.

யாரும் நம்பவில்லை

ஆளைப் பார்த்துக் குறிவைத்துச் சுட்டார் என்ற குற்றச்சாட்டு போய், கவனக்குறைவு என்று ஆனது. அண்ணாச்சி உள்ளே போகவில்லை. கம்பெனி அவரைச் சில மாதம் வீட்டில் உட்கார வைத்தது.

சேட் என்னை அனுப்பிவிட்டார். கோபமாக இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல கை உனக்கு" என்றார். கடைக்குப் போலீஸிலிருந்து ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்ததாகக் கேள்விப்பட்டேன். நான் செம்பூரில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தேன். தையல் மிஷின் பாகங்கள். யாரையும் கொல்லாத இரும்பு.

செல்வராஜைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரிய வார்டு. காலில் மாவுக்கட்டு. ஆரஞ்சுப் பழங்களை அவன் பக்கத்தில் வைத்தேன்.

"எவ்வளவு வாங்கினீரு அவன்கிட்ட?" என்றான்.

"ஒண்ணும் வாங்கலை. மக்கியைத் தேய்ச்சவன் நான்தான்."

"அப்போ ரெண்டு பேருமா சேந்துதான் என் காலை ஒடிச்சிருக்கிய." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் கால் பிறகு சேர்ந்தது, ஆனால் ஒரு விரற்கடை குட்டை. சாகிற வரை கிந்திக் கிந்தித்தான் நடந்தான். மழைக்கோட்டை எடுக்கத்தான் வந்தானா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

அண்ணாச்சி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். குழாயடியில் பார்த்தால் குடத்தைப் பார்ப்பார். அவர் மனைவி மட்டும் பாத்திமாவிடம், "காப்பாத்தின கையாலயே குத்தவும் செஞ்சிட்டாரே பாய்" என்று ஒரு தரம் சொன்னாளாம். அண்ணாச்சிக்கு என்மேல் சந்தேகம். நான் குழாயடி விஷயத்தை முதலில் சொல்லிவிட்டு, பிறகு பயந்துபோய் மக்கி விஷயத்தைச் சொன்னேனோ என்று. எனக்கும் அவர்மேல் சந்தேகம் தீரவில்லை. ஆறு அங்குலம் கழித்துப் பார்த்தால் குறி அவன் பாதத்தின் பக்கம் வருகிறது. மண்ணா, பாதமா என்பதை எந்த லென்ஸ் வைத்துப் பார்ப்பது?

இப்படியே ஏழெட்டு மாதம் போயிற்று.

அண்ணாச்சி வந்தார்

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் செம்பூர்ப் பட்டறை வாசலில் அண்ணாச்சி நின்றார். காக்கி உடுப்பு. இடுப்பில் பெல்ட் மட்டும், உறை காலி.

"கம்பெனி திரும்ப எடுத்துக்கிட்டு. கதம் சாகிப் நாக்பூருக்குப் போயாச்சு, புது ஆபீசர். துப்பாக்கி கோர்ட்டுலேருந்து வந்துட்டு."

"சந்தோஷம் அண்ணாச்சி."

"சந்தோஷம் கெடக்கட்டும். உம்ம சேட்டு கடையில புது மக்கி வச்சு ஒட்டி வச்சிருக்காவ. உசரமா இருக்கு. தேய்ச்சு இறக்கணுமாம். அங்கே இப்போ வேற ஆளு. நான் ஆபீசர்கிட்டச் சொல்லிட்டேன், மீரான் பாய் தேய்ச்சாத்தான் அதைக் கையில தொடுவேன்னு."

கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தேன். "என்மேல நம்பிக்கை இருக்கா அண்ணாச்சி?"

"நம்பிக்கையா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு ஆகாததையும் போலீஸ்ல சொன்ன ஆளுவே நீரு. அதனால நீரு அளவு சொன்னா அளவு சரியா இருக்கும். அம்புட்டுத்தான்."

சேட் மறுக்கவில்லை. சுடுதளத்துக்கு அவரே வந்தார், பார்சித் தொப்பியோடு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். புது ஆபீசர் தோட்டாப் பெட்டியைக் கொடுத்தார். இனி கம்பெனி வாங்கப்போவது இதே தோட்டாதானா என்று கேட்டேன். ஆமாம் என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன். அவர் முறைத்தார், ஆனாலும் போட்டுக் கொடுத்தார். பெட்டியின் பேரையும் குண்டின் எடையையும் இரண்டு தரம் படித்தேன்.

அண்ணாச்சியே சுட்டார். அவர் கைக்குத்தான் அது பொருந்த வேண்டும். முதல் மூன்றும் புள்ளிக்கு ஏழு அங்குலம் கீழே. ரிவால்வரை வாங்கிக் காலி செய்து, மூன்று இழுப்பு. திருப்பிக் கொடுத்தேன். மூன்று தோட்டா. கொஞ்சம் ஏறியது. மறுபடி மூன்று இழுப்பு. முன்பு இந்த வேலையை மேஜையில் உட்கார்ந்து கால் மணி நேரத்தில் முடித்தவன் நான். அன்று காலையில் தொடங்கி உச்சி வெயில் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் அரத்தை எடுக்கும் முன் தோட்டாப் பெட்டியின் பேரை மறுபடி படித்தேன். அண்ணாச்சி அதைக் கவனித்தார்.

கடைசியில் மூன்று ஓட்டைகளும் புள்ளிக்கு இரண்டு விரல் கீழே வந்து சேர்ந்தன.

"இன்னும் நாலஞ்சு இழுப்பு அண்ணாச்சி. புள்ளியிலேயே வந்து நிக்கும்" என்று கையை நீட்டினேன்.

அவர் ரிவால்வரைக் கொடுக்கவில்லை. உருளையைத் திறந்து காலி செய்தார். பலகையைப் பார்த்தார். அந்த மூன்று ஓட்டைகளுக்குக் கீழே மண்தரை ஈரமாக இருந்தது.

"வேண்டாம் பாய்" என்றார். "கீழேயே போகட்டும்."

நான் அரத்தைத் துடைத்துப் பையில் வைத்தேன்.